முட்டுச்சந்து வேலையிலிருந்து வெளியேறுவது எப்படி: ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் லைனில் நிற்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

டிப்ளமோ மெக்கானிக்கலோ பி.இ.யோ முடித்துவிட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, மறைமலைநகர் பக்கம் ட்ரெய்னியாகவோ கான்ட்ராக்டிலோ வேலை பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு கம்பெனியில் ஒரு வருஷம், அடுத்ததில் ஒரு வருஷம், நடுவில் ஊருக்குப் போய் இரண்டு மாதம் சும்மா. கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டின் நிறம் மாறுகிறது, வேலை மாறுவதில்லை. நட்டு முடுக்குவது, பார்ட்டை ஏற்றி இறக்குவது, பட்டனை அழுத்துவது.

இப்படி மூன்று நான்கு வருஷம் ஓடியவர்களுக்குப் பொதுவாக இரண்டு யோசனைதான் வரும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஐ.டி. கோர்ஸ் சேர்வது, இல்லையென்றால் வெளிநாடு. சிலருக்கு அது சரியாகவே அமையும். ஆனால் நிறையப் பேருக்கு வழி அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. நீங்கள் நிற்கும் லைனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இன்ஸ்பெக்‌ஷன் மேசையிலும் மெயின்டனன்ஸ் ரூமிலும் இருக்கிறது. தொழிலையே மாற்றாமல், அதே தொழிலில் பக்கவாட்டில் நகர்ந்து மேலே போவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

1. முட்டுச்சந்துதானா என்று முதலில் பாருங்கள்

சம்பளம் குறைவு என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சூப்பர்வைசர் சரியில்லை என்பதும் காரணமாகாது. அவர் அடுத்த மாதமே வேறு ஷிப்டுக்குப் போகலாம். போன வருஷம் இதே மாதத்தில் தெரியாத எந்த வேலை இப்போது தெரியும், அதற்கு இன்னொரு கம்பெனி காசு கொடுக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ‘லைன் ஸ்பீடு பழகிவிட்டது’ என்பது இதற்குப் பதில் இல்லை. புதிதாக வரும் பையன் இரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்ளும் வேலையில் மூன்று வருஷ அனுபவம் இருப்பதாகச் சொன்னால், எதிரில் இருப்பவர் அதை இரண்டு வார அனுபவமாகத்தான் எடுத்துக்கொள்வார்.

அடுத்ததாக, அதே ஏரியாவில் உங்களைவிட ஐந்து வருஷம் மூத்தவர் ஒருவரைக் கவனியுங்கள். அவர் செட்டராகவோ (மெஷினைத் தயார்செய்து அளவு வைப்பவர்) டீம் லீடராகவோ ஆகியிருந்தால் அங்கே ஏணி இருக்கிறது. உங்கள் பக்கத்து ஸ்டேஷனில் அதே பார்ட்டைத் தூக்கிக்கொண்டிருந்தால், உங்களுடைய ஐந்தாவது வருஷம் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

ரோல் விஷயத்தையும், அதாவது யாருடைய பட்டியலில் எந்த வகையில் உங்கள் பெயர் இருக்கிறது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது: தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அது. அந்தக் கணக்கு நிறைவதற்குள் ‘பிரேக்’ விட்டு அனுப்புவதும், ஆளை மாற்றிக்கொண்டே இருப்பதும், ட்ரெய்னி என்ற பெயரில் எடுப்பதும் ஏன் என்று இப்போது விளங்கும். அப்ரன்டிஸாக இருப்பவர் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி இல்லை. அதனால் இந்த நாள் கணக்கு அவருக்கு உதவாது. உங்கள் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது? அப்ரன்டிஸா, ட்ரெய்னியா, கான்ட்ராக்டர் ஆளா, குறிப்பிட்ட காலத்துக்கான ஊழியரா? இன்று ராத்திரியே எடுத்துப் படித்துவிடுங்கள். ‘நல்லா வேலை செஞ்சா பெர்மனன்ட் பண்ணிடுவாங்க’ என்று வாயால் சொன்னதற்கு எந்த மதிப்பும் கிடையாது.

பெர்மனன்ட் ஆகிவிட்டால் கவலை விட்டது என்றும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 2022-இல் கார் தயாரிப்பு நின்றது. கேட்டை மூடும்போது கூடவே வெளியே வருவது நாம் கற்றுவைத்திருக்கும் வேலைதான்.

2. ராஜினாமாவுக்கு முன் காகிதங்களும் காசும்

இந்தப் பகுதியைப் பலர் கடைசிக்குத் தள்ளிவைப்பார்கள். ஆஃபர் கையில் வந்தபிறகு பழைய கன்சல்டன்சிக்காரர் (கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுப்பவர்) போனை எடுக்காமல் போனால் அப்போது தவிப்பீர்கள். அதனால் இப்போதே தொடங்குங்கள்.

இதுவரை வேலை பார்த்த ஒவ்வோர் இடத்துக்கும் சேர்ந்த கடிதம், கடைசி மூன்று மாத பே ஸ்லிப், ரிலீவிங் அல்லது அனுபவச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். அப்ரன்டிஸ் முடித்திருந்தால் அதன் சான்றிதழ் தனி. டிப்ளமோ, டிகிரி அப்ரன்டிஸ் விவகாரங்களைத் தென் மாநிலங்களுக்குப் பார்ப்பது தரமணியில் இருக்கும் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம். சான்றிதழ் வரவில்லை என்றால் அங்கே கேளுங்கள். சம்பளம் வங்கி வழியாக வந்ததற்கான ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து வையுங்கள். கடிதம் தராமல் இழுத்தடிக்கும் இடத்தில் வேலை பார்த்ததற்கு அது ஓரளவு சாட்சி.

பி.எஃப். கணக்கில் நம் ஊர்க்காரர்களுக்கு வரும் தலைவலி இனிஷியல். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பி.எஃப்.பில் அப்பா பெயர் முழுசாக என்று மூன்று விதமாக இருக்கும். பிறந்த தேதியிலும் இதே கதைதான். இவை ஒத்துப்போகாவிட்டால் பணம் மாற்றுவதும் எடுப்பதும் நிற்கும். கம்பெனி மாறும்போது பழைய யு.ஏ.என். எண்ணை (பி.எஃப்.க்கென ஒருவருக்கு இருக்க வேண்டிய ஒரே எண்) சொல்லாமல் விட்டதால் இரண்டு மூன்று எண் வைத்திருப்பவர்களும் உண்டு. கான்ட்ராக்டர் நீங்கள் விலகிய தேதியைப் பதிவு செய்யவில்லை என்றால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையதளத்தில் பதிவு செய்யலாம். இதற்காகக் கன்சல்டன்சி வாசலில் போய் நிற்க வேண்டாம்.

ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் பி.எஃப். பணத்தை எடுத்து பைக்குக்கு முன்பணம் கட்டுவது இந்தப் பக்கம் வழக்கமாகிவிட்டது. எடுக்காதீர்கள், புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்து வருஷத் தொடர் சேவைக்கு முன் எடுத்தால் வரி வரும். அதைவிட முக்கியம், பென்ஷன் திட்டத்தில் பத்து வருஷம் சேர்ந்தால்தான் மாதப் பென்ஷனுக்குத் தகுதி. பென்ஷன் பங்கையும் சேர்த்து ஒவ்வொரு முறையும் துடைத்து எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு ஒன்றிலிருந்து திரும்பத் தொடங்கும்.

கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் வேண்டும். ரூம் வாடகையில் உங்கள் பங்கு, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது, பைக் இ.எம்.ஐ., சீட்டுப் பணம் எல்லாவற்றையும் கூட்டி மூன்றால் பெருக்குங்கள். அந்தத் தொகை சேரும்வரை ஓவர்டைம் பாருங்கள். சட்டப்படி ஓவர்டைமுக்கு இரண்டு மடங்கு கூலி. பே ஸ்லிப்பில் அப்படித்தான் வருகிறதா என்று ஒருமுறை கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தொகை சேர்ந்ததும் ஓவர்டைமைக் குறையுங்கள், ஏனென்றால் அடுத்த கட்டத்துக்குப் பணத்தைவிட நேரம்தான் தேவை.

3. எந்தப் பக்கம் நகர்வது

லைனைச் சுற்றி நாலைந்து வழிகள் இருக்கின்றன. என் கணிப்பில் டிப்ளமோ மெக்கானிக்கல்காரருக்கு மிகச் சீக்கிரம் பலன் தருவது குவாலிட்டி, நீண்ட காலத்துக்கு நன்றாகச் சோறு போடுவது மெயின்டனன்ஸ்.

குவாலிட்டி என்றால் பார்ட்டைப் பார்த்து ஓகே, ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டுவது என்று நினைத்துவிட வேண்டாம். அது வெறும் வாசல்படி. உள்ளே இருப்பது அளவீடு. ஓர் உதாரணம் சொல்கிறேன். 20 மி.மீ. துளை, டாலரன்ஸ் (அளவு எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு) கூட்டல் கழித்தல் 0.01 மி.மீ. அதை வேர்னியர் காலிப்பரில் பார்க்கலாமா? வேர்னியரின் மிகச் சிறிய அளவு 0.02. மொத்த டாலரன்ஸே 0.02தான். அப்படியென்றால் வேர்னியர் சொல்லும் ஓகேவுக்கு அர்த்தமே இல்லை. டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கையாவது பிரித்துக் காட்டும் கருவி வேண்டும் என்பது பழைய நடைமுறை விதி; இங்கே 0.001 காட்டும் போர் கேஜ் (துளையின் உள் விட்டம் அளக்கும் கருவி) எடுக்க வேண்டும். இந்தக் கேள்விக்குக் காரணத்தோடு பதில் சொல்பவர் இன்டர்வியூவில் முதல் சுற்றைத் தாண்டிவிடுவார்.

அதற்கு மேலே போனால் வாகனத் துறைக்கென்று இருக்கும் ஐ.ஏ.டி.எஃப். 16949 தரமுறை, அதோடு வரும் ஐந்து கருவிகள்: ஏ.பி.க்யூ.பி. (புதுப் பார்ட்டுக்கான தரத் திட்டமிடல்), பி.பி.ஏ.பி. (உற்பத்திக்கு முன் வாடிக்கையாளர் ஒப்புதல்), எஃப்.எம்.இ.ஏ. (எங்கே தவறலாம் என்று முன்கூட்டியே ஆராய்வது), எம்.எஸ்.ஏ. (அளவீட்டு முறையைச் சோதிப்பது), எஸ்.பி.சி. (புள்ளிவிவரத்தால் உற்பத்தியைக் கண்காணிப்பது). பெயரைக் கேட்டால் மிரட்சியாக இருக்கும், ஆனால் உங்கள் லைனில் தொங்கும் கன்ட்ரோல் பிளானிலும் எஸ்.ஓ.பி.யிலும் (செய்முறைத் தாள்) இவை ஏற்கெனவே இருக்கின்றன. சி.பி.கே. (உற்பத்தி டாலரன்ஸுக்குள் எவ்வளவு வசதியாக நிற்கிறது என்று காட்டும் எண்) 1.33-க்குக் கீழே போனால் ஏன் கூச்சல் போடுகிறார்கள், கேஜ் ஆர் அண்ட் ஆர் (கருவியாலும் அளப்பவராலும் வரும் மாறுபாடு) 10 சதவீதத்துக்குள் இருந்தால் ஏன் நல்லது, 30-ஐத் தாண்டினால் அந்த அளவீட்டு முறையை ஏன் ஒதுக்குகிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் போதும். சூத்திரத்தை மனப்பாடம் செய்வது இரண்டாம்பட்சம். சி.எம்.எம். (பார்ட்டை முப்பரிமாணத்தில் அளக்கும் மெஷின்) இயக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. அது இருக்கும் ரூமை ஏன் 20 டிகிரியில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். யாரும் தெரியாது என்றால் நீங்களே தேடித் தெரிந்துகொள்ளுங்கள்.

மெயின்டனன்ஸ் வேறு மாதிரி. மெஷின் நின்றால் அந்த ஷிப்டே உங்கள் முகத்தைப் பார்க்கும். மெக்கானிக்கல் படித்தவர்கள் மின்சாரப் பக்கத்தைக் கண்டு ஒதுங்குவார்கள்; ஒதுங்காதவருக்குத்தான் மதிப்பு. ஒரு சிலிண்டர் முன்னால் வந்தும் அடுத்த ஸ்டெப் நடக்கவில்லை என்று வையுங்கள். சென்சாரில் இருக்கும் லைட் எரிகிறது, பி.எல்.சி. (மெஷினை இயக்கும் கம்ப்யூட்டர்) இன்புட் லைட் எரியவில்லை. சென்சார் நன்றாக இருக்கிறது. நடுவில் கேபிளோ கனெக்டரோ போயிருக்க வாய்ப்பு அதிகம். இன்புட் லைட்டும் எரிந்தால் அடுத்து பி.எல்.சி.க்குள் எழுதியிருக்கும் லேடர் புரோகிராமைப் பார்க்க வேண்டும், எந்த நிபந்தனை தடுக்கிறது என்று. இப்படி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போகும் புத்திதான் இந்த வேலைக்கு மூலதனம். மல்டிமீட்டர், 24 வோல்ட் டி.சி., பி.என்.பி., என்.பி.என். என்ற இரண்டு வகை சென்சார்களின் வித்தியாசம், நியூமேட்டிக் (காற்றழுத்த) சர்க்யூட் படிப்பது, கடைசியாக பி.எல்.சி. என்ற வரிசையில் கற்றுக்கொள்ளுங்கள். எடுத்தவுடன் பி.எல்.சி. கோர்ஸில் பணத்தைக் கொட்டுவது தலைகீழ்.

சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் மெஷின்) பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆபரேட்டர், செட்டர், புரோகிராமர் மூன்றும் வேறு வேறு சம்பளம். டர்னிங்கில் வெளி விட்டம் 0.03 மி.மீ. கூடுதலாக வந்தால் வேர் ஆஃப்செட்டில் (டூல் தேய்மானத்துக்கான திருத்தம்) எக்ஸ்ஸைக் குறைப்பது செட்டர் வேலை. ஏன் கூடியது, இன்சர்ட் (வெட்டும் முனை) தேய்ந்ததா, பார் மாறியதா, காலையில் மெஷின் சூடாகும் முன் எடுத்த பார்ட்டா என்று யோசிப்பவரைத்தான் புரோகிராமராக்குவார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸெல் நன்றாக வந்தால் புரொடக்‌ஷன் பிளானிங், ஸ்டோர்ஸ் பக்கம் போகலாம், எஸ்.ஏ.பி. மென்பொருள் பழக்கம் அங்கே கிடைக்கும். சேஃப்டி பிடித்தால் தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்தும் தொழிற்பாதுகாப்பு டிப்ளமோவின் தகுதிகளைப் பாருங்கள். பெரிய ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரி வைப்பது சட்டப்படி கட்டாயம் என்பதால் அந்த வேலைக்குத் தேவை ஓயாது.

4. வேலையில் இருந்துகொண்டே கற்றுக்கொள்வது

‘யாரும் சொல்லித்தர மாட்டேங்கறாங்க’ என்ற புகாரில் பாதி உண்மை. ஆனால் எல்லா லைனிலும் யாரும் விரும்பாத வேலைகள் சில உண்டு. செக் ஷீட் எழுதுவது, ரிஜெக்‌ஷன் டேட்டாவை கம்ப்யூட்டரில் ஏற்றுவது, ரீவொர்க் மேசை, ஷிப்ட் முடிந்தபின் டூல் மாற்றும்போது கூட நிற்பது. அவற்றைக் கேட்டு வாங்குங்கள். ரீவொர்க் மேசையில் ஒரு மாதம் உட்கார்ந்தால் எந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அதுதான் குவாலிட்டிக்காரர் மீட்டிங்கில் பேசும் விஷயம்.

பிரேக்டவுன் ஆனால் மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள். நீங்கள் மெயின்டனன்ஸ் அண்ணனுக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். முதல் பத்து நிமிஷம் கேள்வி கேட்காதீர்கள், அவர் டென்ஷனில் இருப்பார். மெஷின் ஓடத் தொடங்கியதும் ‘என்னண்ணே ஆச்சு?’ என்று கேட்டால் தானாகவே கதை வரும்.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, மெஷின், என்ன ஆச்சு, காரணம், என்ன செய்தார்கள், எவ்வளவு நேரம் நின்றது. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பின்னால் ரெஸ்யூமே எழுதவும் இன்டர்வியூவில் பேசவும் இந்த நோட்டுதான் கைகொடுக்கும். டிராயிங்கையோ மெஷினையோ போட்டோ எடுத்துவிடாதீர்கள், வாடிக்கையாளர் பெயர், பார்ட் நம்பரையும் எழுதாதீர்கள். அது கம்பெனி ரகசியம், வேலையும் போகும்.

ரூமில் இருக்கும் நேரத்துக்கு, பி.எல்.சி. பழக கோடிசிஸ் மென்பொருள் இலவசம். மெஷின் இல்லாமலே லேடர் எழுதி ஓட்டிப் பார்க்கலாம். டிராயிங்குக்கு ஃப்ரீகேட் இலவசம். எக்ஸெலுக்கு யூடியூப் போதும், பிவட் டேபிளும் பரேட்டோ சார்ட்டும் போடத் தெரிந்தால் முதல் வேலைக்குப் போதுமானது. நைட் ஷிப்ட் வாரத்தில் படிக்க முயலாதீர்கள், உடம்பு ஒத்துழைக்காது. ஜெனரல் அல்லது ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரத்தில் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், ஆறிலிருந்து ஒன்பது மாதத்தில் பேசும் அளவுக்கு வந்துவிடலாம்.

5. கோர்ஸ், டிகிரி, மற்ற வழிகள்

‘100% வேலை உத்தரவாதம்’ என்று பஸ்ஸில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களை விட்டுவிடுங்கள். பயிற்சி வேண்டுமென்றால் முதலில் அரசு நிறுவனங்களைப் பாருங்கள். கிண்டியில் சிப்பெட் இருக்கிறது, பிளாஸ்டிக் மோல்டிங், மோல்டு டிசைனுக்கு. டூல் டிசைனுக்கு மத்திய அரசின் சி.ஐ.டி.டி.யின் சென்னைக் கிளை. எந்த இடமானாலும் பணம் கட்டும் முன் ஒருமுறை லேபுக்குள் போய், ஒரு மெஷினுக்கு எத்தனை மாணவர்கள் என்று எண்ணுங்கள். இருபது பேருக்கு ஒரு மெஷின் என்றால் வேடிக்கைதான் பார்க்கலாம்.

டிப்ளமோவோடு நின்றவர்களுக்குப் பகுதிநேர பி.இ. ஒரு நல்ல வழி. தமிழ்நாட்டில் சில அரசு, அரசு உதவி பெறும் பொறியியல் கல்லூரிகளில் வேலை அனுபவம் உள்ள டிப்ளமோக்காரர்களுக்கு மாலை நேர வகுப்பு உண்டு, ஏழு செமஸ்டர். கோவைப் பக்கம் கல்லூரிகள் அதிகம். ஷிப்ட் மாறி மாறி வரும் வேலையோடு இதைச் செய்வது ரொம்பக் கஷ்டம், ஜெனரல் ஷிப்ட் கிடைத்தபின் சேருங்கள். வேலையை விட்டுவிட்டு நேரடி இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் இருக்கிறது. ஆனால் மூன்று வருஷம் வருமானம் இல்லாமல் வீடு தாங்குமா என்பதுதான் கேள்வி.

அரசுத் தேர்வு எழுத நினைத்தால் உங்கள் படிப்புக்கு ஒட்டியதை எழுதுங்கள். டி.என்.பி.எஸ்.சி. டிப்ளமோ, ஐ.டி.ஐ. தரத்தில் தனியாகத் தொழில்நுட்பத் தேர்வு நடத்துகிறது. ரயில்வேயில் ஜூனியர் இன்ஜினியர், உதவி லோகோ பைலட் இருக்கின்றன. எத்தனை வருஷம் முயல்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வீட்டில் சொல்லிவிடுங்கள். எல்லை வைக்காமல் படிப்பதும் ஒரு முட்டுச்சந்துதான்.

வெளிநாடு என்றால், ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்று உச்சவரம்பு உண்டு. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசுக்கென்றே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் இருக்கிறது. தாய்லாந்து, கம்போடியா, லாவோஸில் ‘டேட்டா என்ட்ரி’ வேலை, டூரிஸ்ட் விசாவில் வா என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படிப் போன நம் ஊர்ப் பையன்கள் சைபர் மோசடிக் கூடாரங்களில் அடைபட்ட கதை செய்தித்தாள்களில் வந்துகொண்டே இருக்கிறது.

6. ரெஸ்யூமே

பெரும்பாலான ரெஸ்யூமேக்களில் ‘கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்பவர்’ என்று தொடங்கி, அப்பா பெயர், மதம், திருமண நிலை என்று முடியும். நடுவில் ‘புரொடக்‌ஷன் ட்ரெய்னி, ஒரு வருஷம்’ என்று ஒரே வரி. எதற்காக உங்களை எடுக்க வேண்டும் என்று அதில் ஒன்றுமே இல்லை.

நோட்டைத் திறந்து அந்த ஒரு வரியை நாலாக்குங்கள். எந்த வகை மெஷின், என்ன கன்ட்ரோலர், ஒரு ஷிப்டுக்கு எத்தனை பார்ட், எந்தக் கருவிகளால் அளந்தீர்கள், எந்தக் குறையைக் கண்டுபிடிக்க உதவினீர்கள், அதனால் என்ன மாறியது. ‘போர் ஓவர்சைஸ் ரிஜெக்‌ஷனுக்கு ஷிப்ட் வாரியாக டேட்டா எடுத்து, டூல் மாற்றும் இடைவெளியில் பிரச்சினை என்று கண்டறிய உதவினேன்’ என்று ஒரு வரி இருந்தால், படிப்பவர் உங்களைக் கூப்பிட்டு அதைப் பற்றித்தான் கேட்பார். உங்களுக்குத் தெரிந்த விஷயத்திலேயே கேள்வி வரும். செய்யாததை எழுதாதீர்கள், இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். ஒரே பக்கம் போதும். நடுவில் வேலையில்லாத மாதங்களை மறைக்க வேண்டாம், கான்ட்ராக்ட் முடிந்தது என்று எழுதுங்கள். இந்தப் பக்கம் எச்.ஆர். எல்லோருக்கும் அது தெரிந்த சங்கதி.

7. எங்கே தேடுவது

பெரிய கார் கம்பெனி பெயரைத் துரத்தாதீர்கள் என்பது என் கருத்து. இரண்டாயிரம் பேர் இருக்கும் ஆலையில் உங்களுக்கு ஒரே ஒரு ஸ்டேஷன் கிடைக்கும். அம்பத்தூர், திருமுடிவாக்கம், ஒரகடம் உள்பக்கம் இருக்கும் நூறு பேர் கம்பெனியில், ஆள் பற்றாக்குறையாலேயே இன்ஸ்பெக்‌ஷன், செட்டிங், கஸ்டமர் கம்ப்ளைன்ட் என எல்லாம் உங்கள் தலையில் வந்து விழும். கேன்டீன் சுமாராக இருக்கும், ஏ.சி. பஸ் இருக்காது. இரண்டு வருஷம் அங்கே இருந்தால் கிடைக்கும் வேலையறிவு லைனில் ஐந்து வருஷம் நின்றாலும் கிடைக்காது. அதை வைத்துக்கொண்டு பெரிய இடத்துக்குக் கம்பெனி ரோலில் போவது எளிது. ஓசூர், கோவையையும் விட்டுவிடாதீர்கள், மெஷின் டூல், பம்ப் வேலைகள் அங்கேதான்.

நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் கணக்கு இருக்கட்டும். தமிழக அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளம், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் முகாம்கள் இருக்கின்றன, செலவு இல்லை. ஆனால் உண்மையில் ஆளை உள்ளே கொண்டுவருவது பழைய லைன் நண்பர்கள்தான். போன கம்பெனியில் கூட வேலை பார்த்து இப்போது குவாலிட்டியில் இருக்கும் ஒருவருக்கு மெசேஜ் போடுங்கள், ‘வேலை இருக்கா’ என்று கேட்காமல் ‘உங்க டீம்ல எந்த இன்ஸ்ட்ரூமென்ட் தெரிஞ்ச ஆள் தேடறாங்க?’ என்று. வேலைக்கு முன் பணம் கேட்கும் கன்சல்டன்சி எதுவானாலும் வேண்டாம்.

8. இன்டர்வியூ

எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆங்கிலத்துக்காக ஆளைக் கழிப்பது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ‘லைன்ல ஒரு பார்ட் ரிஜெக்ட் ஆச்சு, முதல்ல என்ன செய்வீங்க?’ என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் ‘சூப்பர்வைசர்கிட்ட சொல்வேன்’ என்பார்கள். அதோடு நின்றுவிடுவார்கள். நல்ல பதில் இப்படிப் போகும்: அந்தப் பார்ட்டைத் தனியாக டேக் போட்டு வைப்பேன், அதற்கு முன்னால் போன பார்ட்களைப் பின்னோக்கி அளந்து கடைசி நல்ல பார்ட் எது என்று கண்டுபிடிப்பேன், இடையில் உள்ளவற்றை நகரவிடாமல் நிறுத்துவேன், கேஜ் சரியா என்று மாஸ்டரில் (அளவு உறுதியான மாதிரித் துண்டு) பார்ப்பேன், அப்புறம் தகவல் சொல்லிக் காரணம் தேடுவேன். இதைத் தமிழிலேயே சொன்னாலும் நிமிர்ந்து உட்காருவோம்.

ஏன் பழைய வேலையை விடுகிறீர்கள் என்று கேட்டால் அந்தக் கம்பெனியைத் திட்டாதீர்கள். ‘அங்கே லைன் வேலை மட்டும்தான், எனக்கு அளவீட்டுப் பக்கம் போகணும், அதுக்கு இதையெல்லாம் கத்துக்கிட்டேன்’ என்பது போதும்.

9. ஆஃபரைப் படிப்பது

முதலில் பார்க்க வேண்டியது யாருடைய லெட்டர்ஹெட் என்பதை. கம்பெனி பெயரா, மூன்றாவது ஆளின் பெயரா? அடுத்து, சி.டி.சி.யை (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) கண்டு மயங்காதீர்கள். பேசிக் 15,000 என்றால் உங்கள் பங்காக 1,800 பி.எஃப்.க்குப் பிடிப்பார்கள். முதலாளி பங்கு இன்னொரு 1,800. அதில் 1,250 பென்ஷனுக்கும் 550 பி.எஃப்.க்கும் போகும். அந்த 1,800-ஐயும், கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) என்று மாதம் 720 ரூபாய் சொச்சத்தையும் சி.டி.சி.யில் சேர்த்திருப்பார்கள். கைக்கு எவ்வளவு என்று நேராகக் கேளுங்கள், வெட்கம் வேண்டாம்.

சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி நின்றுவிடும். வீட்டில் வயதான அப்பா அம்மா அதில் மருந்து வாங்கிக்கொண்டிருந்தால் இது பெரிய விஷயம். புதுக் கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டில் பெற்றோர் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் தனியாக எடுக்கும் செலவைக் கழித்துவிட்டுப் பழைய சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். பஸ், கேன்டீன் இல்லாத இடத்தில் பெட்ரோல், சாப்பாட்டுச் செலவும் அப்படித்தான். ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தாலும் வேலை கற்றுக்கொள்ளும் இடம் என்றால் நான் போகச் சொல்வேன், கடன் நெருக்கடி இல்லாத பட்சத்தில்.

10. விலகுவது

ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்தபிறகே ராஜினாமா. போனில் சொன்னதை நம்பி நோட்டீஸ் கொடுக்காதீர்கள். ராஜினாமாவையும் மெயிலில் கொடுங்கள், நாலு வரி போதும். தேதியும் கடைசி வேலை நாளும் தெளிவாக இருக்கட்டும். ஐந்து வருஷத்தை நெருங்குகிறீர்கள் என்றால் கிராஜுவிட்டி தேதியைப் பார்த்துக்கொண்டு விலகுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், குறிப்பிட்ட காலத்துக்கு நேரடியாக நியமிக்கப்பட்டவருக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. அதனால்தான் உங்கள் கடிதத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று முதலிலேயே பார்க்கச் சொன்னேன்.

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதை இங்கே ‘ஆப்ஸ்கான்ட்’ என்பார்கள். சம்பளம் வந்த மறுநாள் அப்படி ஓடுவது சுலபம்தான், ஆனால் ரிலீவிங் லெட்டர் கிடைக்காது, பின்னால் பின்னணி விசாரணையில் மாட்டும். நோட்டீஸ் காலத்தைக் கடைசி நாள் வரை ஒழுங்காகப் பாருங்கள். ஐ.டி. கார்டு, லாக்கர் சாவி, ஷூ, யூனிஃபார்ம் ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். செட்டில்மென்ட்டில் மீதமுள்ள லீவுக்கான பணம், போனஸ், ஓவர்டைம் வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள்.

புது இடத்தில் சேர்ந்த முதல் வாரமே பழைய யு.ஏ.என். எண்ணை எச்.ஆரிடம் கொடுத்துவிடுங்கள். புரொபேஷன் ஆறு மாதம் என்றால், ஐந்தாவது மாதம் முடியும்போது மேனேஜரிடம் போய் உட்கார்ந்து என்ன குறை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கன்ஃபர்மேஷன் லெட்டர் வராமலே வருஷக்கணக்கில் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஏழாவது மாதம் வரவில்லை என்றால் மெயில் போட்டுக் கேளுங்கள், வாயால் கேட்டால் பதிவு இருக்காது.